பெட்ரோலா டீசலா, நீயே சொல்லு ஆயி

கீழமருதூர்,
நன்னிலம் தாலுகா, தஞ்சாவூர் ஜில்லா.
1983, புரட்டாசிக் கடைசி.

அன்பு மகள் எல்லையம்மாளுக்கு அப்பா வீரையன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை நாகம்மாளும் மாப்பிள்ளை செல்லதுரையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த மஸ்கட்டு வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்கிற நம்பிக்கையில் பேனாவைத் திறக்கிறேன். நீ அனுப்பிய கடிதமும் போட்டோவும் கிடைத்தன. ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளை உடுப்போடு நீ நிற்கிற அந்தப் போட்டோவை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கிறாள், இளைத்துவிட்டாய் என்று ஒரு பாட்டம் அழுதும் தீர்த்தாள். இனி விஷயத்துக்கு வருகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நாகம்மாளுக்குக் கார்த்திகைப் பாதியில் பிள்ளை பிறக்கும் என்று திருவாரூர் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். கெட்டுப்போனது நீ வாங்கிக் கொடுத்த பிளசர் கார்தான். அதன் எஞ்சின் போய்விட்டது. இனித் தேற்ற முடியாது, வேறு எஞ்சின்தான் போட வேண்டும் என்கிறார்கள், பெட்ரோல் எஞ்சினே போடுவதா, டீசலுக்கு மாற்றிவிடுவதா என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு, டீக்கடையில் பேச்சு, விவசாயச் சங்கக் கொட்டகையிலும் அதே பேச்சு. நம் நிலத்துக் கேஸைப் பற்றிக்கூட இத்தனை பேர் இத்தனை அக்கறையாகப் பேசியதில்லை. இதை உனக்கு எழுதவே கூடாது என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், உனக்கு எழுதாமல் நான் வேறு யாருக்கு எழுதுவேன், அவள் நடவுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், படித்துவிட்டு யாரையும் திட்டாதே. நாகம்மாளை டாக்டரம்மாவிடம் காட்டுகிற நாள் அது. செல்லதுரைக்கு அன்று காலையில் சங்கத்து ஆட்களைத் தாலுகா ஆபீசில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது, சைக்கிளை எடுத்தவன் வாசலில் நின்று, "அத்தே, வண்டில எண்ணெய் கம்மியா இருக்கு, வந்து பாத்துக்கிறேன், நாகம்மாவக் கிளம்பி இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த எண்ணெய் என்கிற ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவன் கும்பகோணத்தில் லாரி செட்டில் வேலை பழகினவன், பெட்ரோலானாலும் டீசலானாலும் அவனுக்கு எண்ணெய்தான். நம் தெருவில் அப்படியா. வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்கு வராமல் போய், போர் போட்டு, ஆயில் எஞ்சின் வந்த நாளிலிருந்து வயலுக்குப் போகிற ஆள் எண்ணெய் என்று சொன்னால் அது டீசல் ஒன்றுதான். எண்ணெய் இருக்கா, எண்ணெய் ஊத்தியாச்சா, எண்ணெய் தீந்துபோச்சா என்று குறுவைக் காலம் முழுக்க நாமெல்லாம் கத்திக்கொண்டு திரிந்தது அதற்குத்தானே. உன் அம்மா அந்த எஞ்சினுக்கு ஊற்றி ஊற்றிக் கை பழகினவள். மாப்பிள்ளை அலைந்துவிட்டு வருவானே, அவனுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று, நம் வீட்டுக் கொட்டகையில் வைத்திருந்த டீசல் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து, தூசி தும்பு போய்விடக் கூடாது என்று துவைத்த துணியைப் புனலில் போட்டு வடிகட்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல் பிளசரில் ஊற்றியிருக்கிறாள். ஊற்றிவிட்டு மூடியைத் துடைத்துக்கூட வைத்திருக்கிறாள். செல்லதுரை வந்து பெட்ரோல் அளவு காட்டுகிற முள் ஏறி நிற்பதைப் பார்த்து, மாமா பெட்ரோல் வாங்கி ஊற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு நாகம்மாளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலில் தரைப்பாலம் வரைக்கும் ஓடியிருக்கிறது. அதற்கப்புறம் குபுகுபு என்று வெள்ளைப் புகை, உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். குப்பை அடைத்திருக்கிறது என்று நினைத்து, டாக்டரம்மா எழுந்து போவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்கிற அவசரத்தில் அவன் மிதி மிதி என்று மிதித்திருக்கிறான். கடைசியில் ஒரு பெரிய சத்தம் போட்டு நின்றுவிட்டது. நாகம்மாளைப் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வண்டியை டிராக்டரில் கட்டி நன்னிலத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

நன்னிலத்தில் மெக்கானிக் காயாரோகணத்தை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு பட்டறை போட்டவர், நாகப்பட்டினத்துக் கடற்கரைக்காரர், முன்பு விசைப்படகு எஞ்சினுக்கெல்லாம் வேலை பார்த்தவர். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, எஞ்சின் முன்னமே தேய்ந்துபோன எஞ்சின்தான், இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும், டீசலை ஊற்றி மிதித்ததில் பிஸ்டனே ஓட்டையாகிவிட்டது என்றார். முன்னமே தேய்ந்தது என்று அவர் சொன்னதை நான் அம்மாவிடம் வந்து திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் காதில் ஏறியது ஓட்டை மட்டும்தான். அன்றிலிருந்து அவள் அந்த டின் இருக்கிற கொட்டகைப் பக்கமே போவதில்லை. காலையில் எழுந்ததும் மாட்டைக் கவனிக்கிறாளோ இல்லையோ பிளசரைத் துடைத்து விபூதி பூசுவாளே, இப்போது வண்டி நிற்கிற இடம் காலியாக இருந்தும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறாள். சாப்பிடச் சொன்னால் அப்புறம் என்கிறாள். செல்லதுரை தலையில் அடித்துக்கொண்டு, "தப்பு என் வாயில அத்தே, பெட்ரோல்னு சொல்லித் தொலைச்சிருக்கணும்" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். "நீ ஆயிரம் சொல்லு தம்பி, ஊத்துன கை யாரு கை?" என்று கேட்கிறாள்.

இப்போது எஞ்சின் விஷயம். காயாரோகணம் டீசல்தான் என்று ஒரே பிடியாக நிற்கிறார். ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றிய நல்ல டீசல் எஞ்சின் ஒன்று நாகப்பட்டினத்தில் அவருக்குத் தெரிந்தவரிடம் இருக்கிறதாம், வேறு ஒருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்துகிறார். அவர் சொல்கிற நியாயம் எனக்குப் புரிகிறது. பெட்ரோல் எஞ்சினுக்கு நெருப்புப் பொறி வேண்டும், அதற்கு ஒயர், பிளக் என்று ஆயிரம் சாமான், மழைக்காலத்தில் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது எஞ்சின் ஃபேன் தண்ணீரை வாரி அதன் மேல் அடித்தால் போதும், நடுப் பாலத்தில் நின்றுவிடும். டீசலுக்கு அந்தப் பொறியே வேண்டாமாம். "படகு எஞ்சின் தண்ணிக்குப் பயந்தா நாங்க கடலுக்குப் போறது எப்புடிங்க?" என்று கேட்கிறார். இன்னொன்று, பெட்ரோல் வேண்டுமென்றால் திருவாரூருக்கோ மாயவரத்துக்கோ போக வேண்டும், டீசல் நம் தெருவில் எந்தக் கொட்டகையில் கேட்டாலும் ஒரு டின் கிடைக்கும். ஆனால் செல்லதுரை பெட்ரோல்தான் என்கிறான், வண்டியை ஓட்டுகிறவன் அவன், அவன் பேச்சையும் தள்ள முடியாது. டீசல் எஞ்சின் கனம், அந்தப் பழைய வண்டியின் முன் ஸ்பிரிங் தாங்காமல் மூக்கைத் தரையில் வைத்துவிடும், உட்கார்ந்தவர்களைக் குலுக்கி எடுத்துவிடும், வாயும் வயிறுமாக இருக்கிறவளை அதில் ஏற்றலாமா என்று கேட்கிறான். மழைக் குளிரில் எஞ்சினுக்குள் இருக்கிற ஹீட்டர் சூடேறுகிற வரை காத்திருந்து எழுப்ப வேண்டும், பாட்டரி சரியில்லை என்றால் தெருவே கூடித் தள்ள வேண்டும், பெட்ரோல் என்றால் சாவியைத் திருகினால் புறப்பட்டுவிடும் என்கிறான். வலி வந்த நேரத்தில் புறப்படாத எஞ்சின் நல்லதா, பாதி வழியில் தண்ணீரில் நிற்கிற எஞ்சின் நல்லதா, நீ நர்சு, எனக்குச் சொல்லு. ஒருத்தர் பேசும்போது அவர் பக்கம் தலையாட்டுகிறேன், அடுத்தவர் பேசினால் அவருக்கும் ஆட்டுகிறேன், சங்கத்தில் இத்தனை வருஷம் கை தூக்கிப் பழகியும் இந்த ஒன்றுக்குக் கையைத் தூக்கத் தெரியவில்லை. இது போதாதென்று எஞ்சின் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் எழுதி வாங்க வேண்டுமாம், அதற்கு யார் காலைப் பிடிப்பதோ.

வண்டியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றால் அதற்கும் வழியில்லை என்பது உனக்கே தெரியும். நாகம்மாளுக்கு இந்தத் தடவையும் கால் வீங்கிக்கொண்டே இருக்கிறது, ரத்தக்கொதிப்பு இருக்கிறது, வலி கண்டதும் தாமதிக்காமல் கொண்டு வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், முன்னாலேயே வந்து படுத்துக்கொள்ளவா என்று கேட்டதற்குக் கட்டில் இல்லை என்கிறார்கள், திருவாரூரில் தங்க வைக்க நமக்கு யார் இருக்கிறார்கள். போன தடவை அறுவடைக் கூலித் தகராறில் பண்ணை காரைத் தர மாட்டேன் என்றதும், மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு போனதும், பிள்ளை வழியிலேயே போனதும் மறக்கிற விஷயமா. அதற்காகத்தானே நீ அங்கே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இந்தப் பிளசரை வாங்கிக் கொடுத்தாய். இப்போது வண்டி கெட்டுப்போன சேதி பண்ணைக்கும் போயிருக்கிறது. காரியக்காரர் தங்கையன் வாய்க்கால் கரையில் என்னை மறித்து, "என்ன வீரையா, உபரி நிலத்துக் கேசுலேருந்து உன் பேர எடுத்துக்கிட்டா அய்யா கார் வாசல்ல வந்து நிக்கும், டீசல் காரு, வெள்ளத்துலயும் போவும்" என்றார், ஏதோ பரிதாபப்பட்டுப் பேசுகிறவர் மாதிரி. பண்ணையின் உபரி நிலத்துக்கு மந்திரி மேடை போட்டுக் கொடுத்த பட்டா என் பெட்டியில் இருக்கிறது, நிலம் கோர்ட்டில் இருக்கிறது, தடை உத்தரவு வாங்கிவிட்டு அவர்கள் போலீசோடு நடவு போட்டார்கள், இப்போது என் பிள்ளையின் வயிற்றையும் அந்தக் கேஸில் சேர்க்கப் பார்க்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் என்ன வந்ததோ சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அந்தக் காரை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன் ஆயி. அந்த மாதிரி நினைக்க வைத்துவிட்டார்கள்.

என் மனசுக்கு டீசல்தான் சரி என்று படுகிறது, தரைப்பாலத்தை நினைத்தால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. ஆனால் அதை இந்த வீட்டில் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. ஒரு நாள் சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தேன், டீசலே போட்டுவிடலாமா பொன்னுத்தாயி என்று. அவள் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, "எதுக்கு டீசலு? நான் மறுபடியும் ஊத்திருவேன்னுதான? இவ கை பட்டாலும் கெடாத எஞ்சினா பாத்துப் போடுறீங்க, போடுங்க" என்றாள். அப்படி நான் நினைக்கவே இல்லை என்று அந்தக் காளியம்மன் மேல் சத்தியம் செய்தேன், நம்பவில்லை. அவளுக்குப் பழையபடி பெட்ரோல் எஞ்சினே வர வேண்டும். எது போனதோ அதுவே திரும்பி வந்துவிட்டால் தான் ஊற்றியது ஊற்றாததாகிவிடும் என்று நினைக்கிறாளோ என்னவோ. அதைச் சரி என்பதா, மழை வெள்ளத்தைப் பார்ப்பதா. அவளிடம் கோபித்துக்கொள்ளவும் எனக்கு மனசு வரவில்லை, அந்த வடிகட்டிய துணியை அவள் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்ததை நான் பார்த்தேன்.

இதெல்லாவற்றையும் விடப் பெரிய சங்கடம் இனிமேல்தான் இருக்கிறது. எந்த எஞ்சின் வந்தாலும் சரி, இனி அந்த வண்டியில் ஏற மாட்டேன், என் ராசி அதற்கு ஆகாது, பிள்ளையைப் பெற்றெடுத்து வீட்டுக்குக் கொண்டு வரும்போது நான் வாசலில் ஆரத்தியோடு நிற்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்று அம்மா சொல்லிவிட்டாள். நாகம்மாள் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாங்கள் இத்தனை பேர் இத்தனை நாளாக எஞ்சினைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டோமே, அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அம்மா வரலன்னா நானும் வரலப்பா. போன தடவை மாட்டு வண்டில என் தலைய மடியில வச்சிக்கிட்டு வந்தது அம்மாதான். அது இல்லாம நான் எங்கயும் போவல, பொழச்சாலும் செத்தாலும் இந்த வீட்லதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். செல்லதுரை கெஞ்சிப் பார்த்தான், நான் அதட்டிப் பார்த்தேன். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று உனக்குத் தெரியும். தாய் ஒரு மூலையில், மகள் ஒரு மூலையில், நடுவில் நான் எஞ்சின் இல்லாத வண்டி மாதிரி நிற்கிறேன்.

நான் ஒரு தந்திரமும் செய்து பார்த்தேன், சிரிக்காதே. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே, நீ எழுதுவதையெல்லாம் நான்தானே படித்துக் காட்டுகிறேன். உன் கடிதம் வந்திருக்கிறது என்று சொல்லி, பெட்டியிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு, அம்மா, எஞ்சின் போனது உன் தப்பு இல்லை, டீசல் எஞ்சின் போடச் சொல்லு, நீ தங்கச்சியோடு வண்டியில் ஏறிப் போ என்று நானே கட்டிப் படித்தேன். அவள் கடைசி வரை கேட்டாள். எனக்கோ பெரிய கெட்டிக்காரன் என்கிற நினைப்பு. படித்து முடித்ததும் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுக் கடுதாசின்னா இதுல குங்குமம் எப்புடிங்க வந்துச்சு?" என்று கேட்டாள். நீ எழுதுகிற கடிதம் ஒவ்வொன்றும் வந்ததும் அதன் மூலையில் அவள் ஒரு பொட்டுக் குங்குமம் வைப்பாள் என்பது எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். இனி நீ உண்மையாகவே எழுதினாலும் நான் படித்தால் நம்ப மாட்டாள், செல்லதுரை படித்தாலும் மாமனும் மருமகனும் கூட்டு என்பாள்.

அதனால்தான் ஒரு யோசனை. நம் ரஹ்மத் பீவியின் மகன் அங்கேதான் ஏதோ கம்பெனியில் இருக்கிறான், ஐப்பசியில் லீவில் வருகிறானாம், அவன் விலாசத்தை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். அவன் அனுப்புகிற கேசட்டை ரஹ்மத் பீவி வீட்டில் டேப் ரிக்கார்டரில் போடும்போது அம்மா போய் உட்கார்ந்து கேட்கிறாள், யார் வீட்டுப் பிள்ளையோ பேசுகிறதைக் கேட்டுவிட்டு வந்து இவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நீயும் ஒரு கேசட்டில் பேசி அவனிடம் கொடுத்தனுப்பு. எழுத்து வேண்டாம், உன் வாயால் சொல்லு. டீசல் என்று நான் சொன்னால் அது அவளைக் குத்திச் சொன்னதாகிவிடுகிறது, நீ சொன்னால் வண்டிக்காகச் சொன்னதாக இருக்கும். இல்லை, பெட்ரோல்தான் சரி என்று உன் புத்திக்குப் பட்டால் அதையே சொல்லு, நீ சொல்கிறபடி செய்கிறேன், காயாரோகணத்திடம் அதுவரைக்கும் எதையாவது சொல்லி நிறுத்தி வைக்கிறேன், அவர் நிற்பாரா என்று தெரியவில்லை. கேசட் வந்து சேருவதற்குள் மழை பிடித்துக்கொண்டால், அதற்குள் நாகம்மாளுக்கு ஏதாவது ஆரம்பித்துவிட்டால் என்றெல்லாம் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

நீ நூறு வயசு இருக்க வேண்டும், ராத்திரி டூட்டியில் பசியோடு நிற்காதே, எங்கள் கவலையை உன் தலையில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கை தடுமாறிவிடாதே, அந்தக் காளியம்மன் உன்னை நிழலாக இருந்து காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே ஆயி. கேசட்டில் எடுத்த எடுப்பில் எஞ்சினைப் பற்றிப் பேசிவிடாதே, ஆஸ்பத்திரி, ரத்தக்கொதிப்பு என்று நர்சு மாதிரியும் பேசாதே, பெட்ரோலா டீசலா என்பது கடைசியில் இருக்கட்டும். முதலில் அம்மா என்று கூப்பிடு. கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இரு, அவள் அழுது முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்ன செய்வதென்று தெரியாமல் உன் குரலுக்காகக் காத்திருக்கும் அப்பா,
மு. வீரையன்